பிசிக்ஸ் படித்தவருக்கு மருத்துவமனையில் என்ன வேலை?

பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் புரட்டினால் கணக்காளர் தேவை, சிவில் இன்ஜினியர் தேவை, நர்ஸ் தேவை, வெல்டர் தேவை என்று வரிசையாக இருக்கும். 'இயற்பியலாளர் தேவை' என்ற விளம்பரம் மட்டும் கண்ணில் படாது. ஆனால் ஊருக்கு ஊர் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே படித்து முடித்தவர்களெல்லாம் எங்கே போகிறார்கள்? பிளஸ் டூ முடித்த பிள்ளை "பிசிக்ஸ் எடுக்கட்டுமா?" என்று கேட்டதும் வீட்டில் எழும் கேள்வி இதுதான். "பி.எட். முடிச்சுட்டு வாத்தியார் வேலைக்குப் போகலாம், வேற என்ன இருக்கு?" என்று யாராவது ஒரு மாமா அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்.

மாமாவைக் குறை சொல்ல முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் இயற்பியலில் எம்.ஏ. முடித்த சி.வி. ராமனுக்கே ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் போய்ச் சேர்ந்தார். பகலில் அரசாங்கக் கணக்கு, காலையிலும் மாலையிலும் ஆய்வுக்கூடம் என்று பத்து வருடம் ஓட்டினார். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்த பிறகுதான் கணக்கு நோட்டை மூடினார்.

அன்றைக்கு ஆசிரியர் வேலையை விட்டால் சர்க்கார் உத்தியோகம், அவ்வளவுதான். இன்று நிலைமை வேறு. வேலைகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு பெயரில் இருக்கின்றன. மருத்துவம் படித்தவருக்கு மருத்துவர் என்று பலகை மாட்டலாம். இயற்பியல் படித்தவர் வானிலை அலுவலகத்தில் முன்கணிப்பாளர், எண்ணெய் வயலில் ஜியோபிசிசிஸ்ட், வங்கியில் ரிஸ்க் அனலிஸ்ட், தடய அறிவியல் கூடத்தில் ஆய்வாளர். ஒவ்வொன்றையும் இரண்டு வரியில் சொல்லிப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலைக்குள் நுழைந்து பார்ப்போம். நம்மில் பலர் அந்த வேலை நடக்கும் இடத்தின் வாசலில் உட்கார்ந்திருப்போம். உள்ளே இயற்பியல் படித்த ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்திருக்காது.

கதவுக்கு உள்ளே

புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைப்பது' என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் சொல்கிறேன். தினமும் வரவேண்டும், ஆறு வாரம் வரவேண்டும் என்பார்கள். நோயாளி உள்ளே போவார். கனமான கதவு மூடும். மேலே சிவப்பு விளக்கு எரியும். ஓரிரு நிமிடத்தில் அணையும். நோயாளி எழுந்து வந்துவிடுவார். சுட்டதா, வலித்ததா என்று கேட்டால் "ஒண்ணுமே தெரியலையே" என்பார்.

எவ்வளவு நேரம் அந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்தது?

மருத்துவர் என்று சொல்லத் தோன்றும். பாதி சரி. எந்த இடத்துக்கு, மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு, எத்தனை நாளாகப் பிரித்து என்பதை மருத்துவர் எழுதுகிறார். உதாரணத்துக்கு, '60 கிரே, 30 நாள்.' அதாவது நாளுக்கு 2 கிரே. ஆனால் கருவிக்கு கிரே தெரியாது. பழைய கோபால்ட் கருவிக்குத் தெரிந்தது நொடிக் கணக்கு ஒன்றுதான். மருத்துவர் எழுதிய கிரேயை நொடியாக மாற்றித் தருவது, அந்த மாற்றம் இன்றும் சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருப்பது, சுற்றியுள்ள உறுப்புகளுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிடுவது, சுவருக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அனுமதித்த அளவுக்கு மேல் போகவில்லை என்று உறுதி செய்வது ஆகிய இந்த வேலைகளைச் செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பிசிசிஸ்ட்' என்றே கூப்பிடுவார்கள்.

எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாத அளவு

கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. ஒரு கிலோ உடல் எடையில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. கேட்க எளிமையாக இருக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு.

உடல் முழுவதும் ஒரே சமயத்தில் நாலு கிரே வாங்கியவர் சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பதே சந்தேகம். அந்த நாலு கிரே ஆற்றல் மொத்தமும் வெப்பமாக மாறினால் உடம்பின் சூடு எவ்வளவு ஏறும்? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூடான காப்பி ஒரு வாய் குடித்தால் உடம்புக்குள் அதைவிட அதிக ஆற்றல் போகிறது.

அப்படியானால் அது கொல்வது எப்படி? கதிர்வீச்சு சூடேற்றிக் கொல்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அங்கங்கே அறுக்கிறது. சின்ன ஆற்றல்தான், ஆனால் அது போய் விழுகிற இடம் முக்கியமான இடம். புற்றுச்செல்கள் இந்த அறுபட்ட இழைகளைச் சரிசெய்துகொள்வதில் பெரும்பாலும் மந்தம். பக்கத்திலுள்ள நல்ல செல்கள் ஓரளவு தேறிவிடும். நாள் நாளாகப் பிரித்துக் கொடுப்பது நல்ல செல்கள் தேறுவதற்கான அவகாசம்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. கதிர்வீச்சு பட்டது நோயாளிக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அளவு கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கு எந்த அடையாளமும் இருக்காது. தோல் புண்ணாகியோ, கட்டி திரும்ப வளர்ந்தோ உடம்பு சொல்லும்போது வாரங்களோ மாதங்களோ கடந்திருக்கும். சமையலில் உப்புக் கூடினால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். இங்கே ருசி பார்க்க வழியே இல்லை. காகிதத்தில் இருக்கும் எண் ஒன்றுதான் துணை. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் மருத்துவமனை ஓர் இயற்பியல் பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்கிறது.

எண்பது நொடி எண்பத்தோரு நொடியாகும்போது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோபால்ட் கருவியையே எடுத்துக்கொள்கிறேன், கணக்கு அதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. 1951இல் கனடாவில் முதன்முதலாகச் சிகிச்சைக்கு வந்த கருவி இது. சஸ்கட்டூனில் அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஹெரால்டு ஜான்ஸும் ஓர் இயற்பியலாளர்தான். இப்போது பெரிய மருத்துவமனைகள் லினாக் எனப்படும் மின்சாரக் கருவிக்கு மாறிவிட்டன. இருந்தாலும் கோபால்ட் முற்றிலும் போய்விடவில்லை. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பாபாட்ரான்' என்று உள்நாட்டிலேயே ஒன்றை வடிவமைத்திருக்கிறது.

கருவியின் தலைக்குள் ஈயத்துக்கு நடுவே விரல் நுனி அளவில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. இதற்கு ஸ்விட்ச் கிடையாது. இரவும் பகலும் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். சிகிச்சை நேரத்தில் அதைத் திறப்புக்கு நேராகக் கொண்டுவருகிறார்கள், அவ்வளவே. கதிர்வீச வீச அது தேய்கிறது. 5.27 ஆண்டில் சரிபாதியாகிவிடும். இதைத்தான் பிளஸ் டூ புத்தகத்தில் 'அரை ஆயுட்காலம்' என்று படித்தோம். பரீட்சைக்கு மூன்று மார்க் கேள்வி.

புதிதாகப் பொருத்திய கோபால்ட், கட்டி இருக்கும் ஆழத்தில் நிமிடத்துக்கு 1.5 கிரே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 2 கிரே. ஒரு நிமிடம் இருபது நொடி, அதாவது 80 நொடி திறந்து வைத்தால் போதும்.

அடுத்த மாதம்? கோபால்ட் மாதத்துக்கு ஏறத்தாழ 1.1 சதவீதம் தேய்கிறது. அதே 2 கிரேக்கு இப்போது 81 நொடி. ஒரு நொடிதானே என்று விட்டுவிடலாமா? விட்டுக்கொண்டே போனால் ஒரு வருடத்தில் 91 நொடி தேவைப்படும் இடத்தில் நாம் இன்னும் 80லேயே நிற்போம். நோயாளிக்கு நாளுக்கு 2 கிரேக்குப் பதில் 1.75 கிரேதான் கிடைக்கும். முப்பது நாள் முடிவில் மருத்துவர் எழுதிய 60 கிரே 53ஆகச் சுருங்கியிருக்கும். ஐந்து சதவீதம் பிசகினாலே சிகிச்சையின் பலன் மாறக்கூடும் என்று கருதப்படும் துறையில் பன்னிரண்டு சதவீதம் மிகப் பெரிய ஓட்டை.

அதனால் கோபால்ட் கருவி உள்ள இடங்களில் மாதம் பிறந்ததும் அட்டவணை மாறும். போன மாதத் தாள் சுவரிலிருந்து இறங்கும், இந்த மாதத் தாள் ஏறும். இரண்டு வருடத்தில் 104 நொடி, ஐந்தே கால் வருடத்தில் 160 நொடி என்று நேரம் நீண்டுகொண்டே போகும். கடைசியில் நோயாளி அசையாமல் படுத்திருக்க முடியாத அளவுக்கு நேரமாகும்போது புது கோபால்ட் வாங்கச் சீட்டு எழுத வேண்டியதுதான்.

ஒரு நேர்கோடு செய்த வினை

இந்தக் கணக்கில் எங்கே கால் இடறும் என்பதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், 1974 முதல் 1976 வரை ஒரு மருத்துவமனையில் 426 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. சிலருக்கு 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். கருவி பழுதாகவில்லை. கோபால்ட் தேய்வதைக் காட்டும் வரைபடத்தைத் தவறான வரைபடத்தாளில் வரைந்து, கோட்டை நீட்டியிருந்தார்கள். கருவியை நேரில் அளந்து பார்ப்பதும் 22 மாதம் நடக்கவில்லை.

கோடு நீட்டினால் என்ன ஆகும்? நம்முடைய எண்களிலேயே பார்ப்போம். புது கோபால்ட்டின் வலிமையை 100 என்று வைத்தால், முதல் வருடத்தில் அது 88 ஆனது. பன்னிரண்டு குறைந்தது. நேர்கோடு போடுகிறவர் வருடத்துக்குப் பன்னிரண்டு சொச்சம் என்று கழித்துக்கொண்டே போவார். இரண்டாம் ஆண்டு 75 என்பார். உண்மையில் 77. தேய்வது மிச்சமிருப்பதில் ஒரு பங்கு; 100இல் பன்னிரண்டு போனால் 88இல் பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். இரண்டு வருடத்தில் வித்தியாசம் ஒன்றிரண்டுதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் நேர்கோட்டுக்காரர் 38 மிச்சம் என்று நினைப்பார். கருவியில் 52 இருக்கும். பலவீனமாகிவிட்டது என்று நம்பி 154 நொடிக்குப் பதில் 208 நொடி திறந்து வைப்பார். நோயாளிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகப் போய்ச் சேரும். அன்றைக்கு அவருக்கும் 'ஒண்ணுமே தெரியாது'.

மனிதக் கண்ணுக்கு நேர்கோடுதான் இயல்பு. இரண்டு புள்ளியைப் பார்த்தால் ஸ்கேலை வைக்கத் தோன்றும். இது வளைந்து தேயும் கோடு என்று கை தானாக உணர்வதற்கு அந்த மூன்று மார்க் கேள்வியை மனப்பாடம் செய்திருந்தால் போதாது, புரிந்திருக்க வேண்டும். இன்று கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும்தான். ஆனால் கம்ப்யூட்டர் சொன்ன எண் சரியாக இருக்க முடியுமா என்று ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்க்கும் பழக்கமுள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி

லினாக் கருவியில் தேயும் பொருள் இல்லை; மின்சாரம் நின்றால் கதிர்வீச்சும் நிற்கும். ஆனால் அது நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் முதல் நோயாளி வருவதற்கு முன் பிசிசிஸ்ட் தரப்பில் ஒரு சோதனை நடக்கும். நிர்ணயித்து வைத்த அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை சிகிச்சை தொடங்காது. மாதம் ஒருமுறை இன்னும் நுணுக்கமாக, தண்ணீர்த் தொட்டி வைத்து அளப்பார்கள். மனித உடம்பு கதிர்வீச்சுக்கு ஏறத்தாழத் தண்ணீர் போலத்தான் என்பதால், தொட்டி மனிதனுக்குப் பதிலாள்.

தொட்டிக்குள் இறங்குவது பேனா மூடி அளவிலான ஒரு சின்னக் குழாய். 'அயனிக்கலம்' என்று சொல்லலாம். உள்ளே இருப்பது 0.6 கன சென்டிமீட்டர் சாதாரணக் காற்று. கதிர்வீச்சு அந்தக் காற்றில் மின்னூட்டத்தை உண்டாக்கும். அதைச் சேகரித்து எண்ணினால் கதிர்வீச்சின் அளவு தெரியும்.

சாதாரணக் காற்று என்பதில்தான் வேடிக்கை. அறை சூடானால் காற்று விரியும், அதே குழாய்க்குள் குறைவான காற்றுதான் இருக்கும், மின்னூட்டமும் குறையும். மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் என்று கணக்கு. சென்னையில் மே மாதம் குழாய்த் தண்ணீரைப் பிடித்ததும் அளக்க ஆரம்பித்தால், ஏ.சி. அறையின் வெப்பநிலை ஒன்று, தண்ணீரின் வெப்பநிலை இன்னொன்று. எந்த எண்ணை எடுப்பது? கலம் இருப்பது தண்ணீருக்குள். ஆகவே தெர்மாமீட்டரும் தண்ணீருக்குள் போகும். தொட்டியை முதல் நாள் மாலையே நிரப்பி வைப்பவர் விவரம் தெரிந்தவர்.

காற்றழுத்தமும் அப்படியே. இதே கலத்தை ஊட்டிக்குக் கொண்டுபோனால், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் சென்னையில் உள்ளதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். திருத்தாமல் படித்தால் கருவி இருபது சதவீதத்துக்கு மேல் பலவீனமாகத் தெரியும். சரி, அழுத்தத்தைப் போனில் வானிலைச் செயலியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாமே? கூடாது. வானிலை அறிக்கைகள் மலையூருக்கும் கடல் மட்டத்துக்குச் சமன்படுத்திய அழுத்தத்தையே வழக்கமாகச் சொல்கின்றன. அறைக்குள் மாட்டியிருக்கும் பாரோமீட்டர் ஒன்றுதான் அந்த அறையின் உண்மையைச் சொல்லும். ஓர் எண்ணைப் பார்த்ததும் 'இது எங்கே, எப்படி அளந்தது?' என்று கேட்கிற புத்தி இந்த வேலையில் பாதி.

அந்தப் புத்தி கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் வர வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் நடப்பது வேறு. தனி ஊசல் ஆட்டி புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.4 வந்தால், அது ஏன் வந்தது என்று யோசிப்பதற்குப் பதில், சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 9.8 வரும்படி ரீடிங்கை மாற்றி எழுதிவிடுகிறோம். நூற்றுக்கு நூறும் வாங்கிவிடுகிறோம். எனக்குத் தெரிந்து பிசிக்ஸ் படிப்பின் மிக விலையுயர்ந்த பகுதியை இதைவிட மலிவாக யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

அந்த அறைக்குள் போகும் வழி

இந்தியாவில் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இடம் எதுவானாலும் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இருந்தாக வேண்டும். இதைக் கண்காணிப்பது 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இளநிலையில் இயற்பியலை முக்கியப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதன்பின் இரண்டு பாதை. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருட டிப்ளமோ சேர்வது ஒன்று. நேரடியாக எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிப்பது இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழகத்திலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அது இருக்கிறது. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி உண்டு.

சேரும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ரேடியாலஜி', 'ரேடியேஷன்' என்று பெயரில் உள்ள எல்லாப் படிப்பும் இதற்குக் கொண்டுபோகாது. கருவியை இயக்கும் டெக்னாலஜிஸ்ட் படிப்பு தனி, இது தனி. வாரியம் ஏற்றுக்கொண்ட படிப்புகளின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. இடங்களும் குறைவு, வேலைகளும் ஆயிரக்கணக்கில் இல்லை. ஆனால் இன்ஜினியரிங் படித்தவர்கள் கூட்டமாக வந்து போட்டியிட முடியாத துறை இது. நம்மூர் நிலவரத்தில் அது சின்ன விஷயமல்ல.

அக்கம்பக்கத்துக் கதவுகள்

கதிர்வீச்சிலேயே இன்னொரு வேலை திருச்சிப் பக்கம் உண்டு. பெல் நிறுவனமும் சுற்றியுள்ள பட்டறைகளும் செய்யும் பாய்லர்களின் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரேயோ காமா கதிரோ பாய்ச்சிப் படமெடுத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிதைக்காமல் சோதிப்பது என்பதால் என்.டி.டி. என்று சொல்வார்கள். இதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டியதில்லை, பி.எஸ்சி.யோடு உரிய சான்றிதழ் பெற்று உள்ளே போகலாம். வெயிலிலும் இரவு ஷிப்டிலும் உழைக்க வேண்டிய வேலை.

எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி, ஓ.என்.ஜி.சி.யின் ஜியோபிசிசிஸ்ட் பணி என்று தெரிந்த கதவுகள் உண்டு. பலருக்குத் தெரியாத கதவு கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம். புதிய கண்டுபிடிப்பு என்று வரும் விண்ணப்பத்தில் உண்மையில் புதிது இருக்கிறதா என்று ஆராயும் தேர்வாளர் பணிக்கு இயற்பியல் முதுநிலைப் பட்டதாரிகளைத் தனியாகவே எடுக்கிறார்கள். ஐன்ஸ்டீன் சுவிட்சர்லாந்தில் பார்த்த அதே வேலை.

பங்குச்சந்தைக்குப் போனவர்களும் உண்டு. ஆப்ஷன் எனப்படும் ஒப்பந்தங்களுக்கு விலை வைக்க 1973இல் வந்த புகழ்பெற்ற சூத்திரத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஃபிஷர் பிளாக், ஹார்வர்டில் இளநிலையில் படித்தது இயற்பியல். இரும்புக் கம்பியில் சூடு பரவுவதை விவரிக்கும் கணக்கும் அந்தச் சூத்திரத்தின் அடியில் இருக்கும் கணக்கும் ஒரே குடும்பம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பி.எச்டி. வாங்கிய பிறகு, உயிரியலை மாணவராக முதலிலிருந்து படித்தார். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேதியியலில்.

இவற்றில் பெரும்பாலான கதவுகள் முதுநிலைப் படிப்புக்குப் பிறகே திறக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவருக்குப் போட்டித் தேர்வும் சான்றிதழ்ப் படிப்பும்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். ஐ.ஐ.டி.களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது; விண்ணப்பமோ அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவர் முடிவெடுத்திருக்க வேண்டும். கிராமப்புறக் கல்லூரிகளில் பலர் இந்தத் தேர்வின் பெயரைக் கேள்விப்படுவது கடைசி செமஸ்டரில், அந்த வருட விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு. முதலாமாண்டு வகுப்பறைச் சுவரில் இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்கு எந்தத் துறைத்தலைவரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.